சக்கரம் பத்தாயிரத்துக்குப் பக்கத்தில் நிற்கும்

பிள்ளைகளுக்குத் தகவல் தொழினுட்பம் படிப்பிக்கிறவள் நான். மதில் கட்டுவதற்கென்று கணவர் கட்டாரிலிருந்து அனுப்பிவந்த காசில் பெரும் பகுதியை ஒரு ஷொப்பிங் செயலிக்குள் கரைத்துவிட்டேன். அவர் கேட்டபோதெல்லாம் பொய் சொன்னேன். கூட வேலை செய்கிற ஆசிரியர்கள் என்னை நம்பித் தந்த சீட்டுக் காசிலும் ஒருமுறை கை வைத்தேன். மகனைப் பற்றிச் சொல்லி அழ வந்த ஒரு தாயை, மணி பன்னிரண்டாகப் போகிறதே என்று அவசரப்படுத்தி அனுப்பினேன். பெயர் போடவில்லை. போடாவிட்டால் மட்டும் என்ன, மதில் பாதியில் நிற்கிற டீச்சர் வீடு எது என்று கேட்டால் பாலாவிச் சந்தியில் நிற்கிற ஓட்டோக்காரரே கூட்டிக்கொண்டு வந்து விடுவார்.

ஊரைத் தெரியாதவர்களுக்காக ஒரு வரி. புத்தளத்திலிருந்து கொழும்புக்குப் போகிற பாதையில், கல்பிட்டி வீதி பிரிகிற இடம் இது. சீமெந்துத் தொழிற்சாலை, உப்பளங்கள், விமானப்படைத் தளம், ஒரு ரயில் பாதை. வீட்டுச் சாமானுக்குப் புத்தளம் டவுனுக்குப் பஸ் ஏற வேண்டும். கொஞ்சம் நல்லதாகப் பார்க்க வேண்டுமென்றால் சிலாபம், நீர்கொழும்பு வரை போக வேண்டும். இப்படிப்பட்ட இடத்துக்கு ஒன்லைன் கடை வந்தது உண்மையிலேயே உதவிதான். மகளின் முட்டு வருத்தத்துக்கு நெபுலைசர் அதில்தான் வாங்கினேன். இன்றைக்கும் வேலை செய்கிறது. அந்த ஒன்றை வைத்துக்கொண்டு மற்ற எல்லாவற்றையும் நியாயப்படுத்தப் பார்த்திருக்கிறேன் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

நாடு முழுவதற்கும் ஊரடங்கு வருவதற்கு இரண்டு நாள் முன்னமே, 2020 மார்ச் 18ஆம் திகதி, புத்தளம், சிலாபம் பக்கம் ஊரடங்கு போட்டுவிட்டார்கள். பாடசாலை போனுக்குள் வந்தது. வட்ஸ்அப்பில் பாடம் அனுப்ப ஒரு ட்ரைபொட், ஒரு வட்ட லைட். ஊரடங்கு தளர்ந்ததும் நான் போட்ட முதல் ஓடர் அதுதான், அதில் குற்றமில்லை. 2022இல் கரண்ட் போனது. மார்ச் கடைசியில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரைக்கும் வெட்டினார்கள். நுரைச்சோலையில் 900 மெகாவாட் அனல்மின் நிலையம். அதன் பக்கத்து ஊரான எங்களுக்கு மண்ணெண்ணெய் விளக்கு. மகள் நித்திரையானதும், உம்மாவின் அறையில் தஸ்பீஹ் உருளும் சத்தம் நின்றதும், சார்ஜ் மிச்சமிருக்கிற போனை எடுத்துக்கொண்டு விறாந்தைக்கு வருவேன். வாங்குவதற்கு அல்ல. கொயின் எடுப்பதற்கு.

இதை விளங்கப்படுத்த வேண்டும். செயலியைத் தினமும் திறந்தால் கொயின் தருவார்கள். முதல் நாள் கொஞ்சம், அடுத்த நாள் கொஞ்சம் கூட, ஏழாம் நாள் பெரிய தொகை. ஒரு நாள் விட்டால் திரும்ப முதலாம் நாள். நாள் மாறுவது நள்ளிரவில். ஆகவே பன்னிரண்டு மணிக்கு நான் முழித்திருப்பேன். அல்லது சுபஹுக்கு எழும்பி முகம் கழுவ முன்னம் எடுப்பேன். நான் தொழுகைக்கு எழும்புகிறேன் என்று உம்மா சந்தோஷப்பட்டார். அந்தச் சந்தோஷத்தை நான் திருத்தவில்லை.

கொயினை வைத்துச் சக்கரம் சுற்றலாம். எட்டுப் பகுதி, எட்டு நிறம். விரலால் தட்டினால் ஒரு சின்ன அதிர்வு கைக்கு வரும். டக்டக்கென்று சுற்றி, சத்தம் இடைவெளி விட்டு விட்டுக் குறைந்து, 10,000 ரூபா வவுச்சர் என்று எழுதிய மஞ்சள் பகுதிக்குள் முள் நுழையப் பார்க்கும். கோட்டைத் தொடும். தொட்டுவிட்டு அடுத்த பகுதிக்கு வழுக்கும். அங்கே 50 ரூபா கழிவு, அதுவும் 1,500 ரூபாவுக்கு மேல் வாங்கினால். உடனே காசு கொட்டுகிற சத்தத்தோடு திரை முழுக்கப் பூப்பூவாக விழும். 50 ரூபாவுக்கு அவ்வளவு கொண்டாட்டம். கீழே ஒரு கடிகாரம் பின்னோக்கி ஓடும்; அதற்குள் பாவிக்காவிட்டால் வவுச்சர் செத்துவிடும்.

பல்லூடகம் என்ற அலகை ஒவ்வொரு வருடமும் படிப்பிக்கிறேன். எழுத்து, படம், ஒலி, அசைவூட்டம், காணொளி ஐந்தையும் கரும்பலகையில் எழுதி, பாவனையாளர் தொட்டால் அது பதில் சொல்ல வேண்டும், அப்போதுதான் அது டீவியிலிருந்து வேறுபடும் என்று சொல்லுவேன். இந்தச் சக்கரத்தில் எது எங்கே இருக்கிறதென்று எனக்குக் கட்டங்கட்டமாகத் தெரியும். முள் எங்கே நிற்க வேண்டும் என்பதை, நான் தட்டிய உடனேயே எங்கோ இருக்கிற ஒரு சேர்வர் முடிவு செய்துவிடும். மிச்சமெல்லாம் படம் காட்டல்.

தரம் ஒன்பதுப் பிள்ளைகளுக்கு ஸ்க்ராச் படிப்பித்துக்கொண்டிருந்த காலம் அது. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் உருவாக்கி 2007இல் வெளியிட்ட இலவச மென்பொருள். நிறநிறமான கட்டைகளை ஒன்றோடொன்று கொளுவி புரோகிராம் எழுதலாம். ஒரு சுழல் சக்கரம் செய்துகொண்டு வாருங்கள் என்று வேலை கொடுத்தேன். எழுமாறாக ஓர் எண்ணை எடுக்கும் பச்சைக் கட்டையைப் பழக்குவதுதான் நோக்கம். எல்லாரும் அதைப் போட்டுக் கொண்டுவந்தார்கள். ஒரு பொடியன் மட்டும் அந்தக் கட்டையைக் கழற்றிவிட்டிருந்தான். அவனுடைய சக்கரம் எப்போது சுற்றினாலும் பெரிய பரிசுக்கு அடுத்த கட்டத்தில்தான் நின்றது. ஒருமுறை வலப்பக்கம், ஒருமுறை இடப்பக்கம்.

“ஏன் மகன், எழுமாறு போடச் சொன்னேனே?”

“போட்டுத்தான் பார்த்த டீச்சர். அப்பிடி விட்டா ரெண்டு தரம் அமத்திட்டுப் போறாங்க. பக்கத்துல நிப்பாட்டினா விடுறாங்கல்ல.”

கொம்பியூட்டர் அறையில் அவனுடைய மெஷினைச் சுற்றி ஏழெட்டுப் பேர் நின்றார்கள். மற்ற மெஷின்களில் ஆளில்லை. அவன் சொன்னது சரி. பரிசே இல்லாத சக்கரத்தை, பரிசே இல்லையென்று அவன் சொன்ன பிறகும், பிள்ளைகள் அமத்திக்கொண்டே இருந்தார்கள்.

எனக்கு அளவில்லாத சந்தோஷம். அவனுக்கு முழுப் புள்ளி போட்டேன். பாடத்தை நிறுத்திவிட்டு அதையே விளங்கப்படுத்தினேன். எப்போது தீனி வரும் என்று தெரியாதபோதுதான் புறாக்கள் விடாமல் கொத்தும் என்று ஸ்கின்னர் கண்டதைச் சொன்னேன். 1980களின் கடைசியில், தோற்ற ஆட்டத்தையெல்லாம் மயிரிழையில் தவறியதுபோலக் காட்டுகிற சூதாட்ட மெஷின்களை அமெரிக்காவின் நெவாடா மாநிலமே வேண்டாமென்று தடுத்ததைச் சொன்னேன். லாஸ் வேகாஸ் இருக்கிற மாநிலம் அது, அவர்களுக்கே பொறுக்கவில்லை. கேம்பிரிட்ஜில் லூக் கிளார்க் என்பவரும் அவருடைய குழுவும் 2009இல் வெளியிட்ட ஆய்வைச் சொன்னேன்: வென்றால் மூளையில் எந்த இடம் வேலை செய்யுமோ, மயிரிழையில் தவறினாலும் அதே இடங்கள் வேலை செய்கின்றன, தோற்றவனுக்குத் திரும்ப விளையாடும் ஆசை கூடுகிறது. பிள்ளைகள் வாயைத் திறந்துகொண்டு கேட்டார்கள். நல்ல பாடம். என் சேவைக்காலத்தில் நான் எடுத்த நல்ல பாடங்களில் ஒன்று.

அன்றைக்கு இரவும் விறாந்தையில் இருந்து சக்கரம் சுற்றினேன்.

அறியாமல் விழுந்தவர்களுக்கு ஓர் இரக்கம் உண்டு. எனக்கு அது கிடையாது. விளங்கியவளை இது பிடிக்காது என்று நினைத்தேன். அந்த நினைப்பே எனக்கு அனுமதிச் சீட்டாகிவிட்டது. மற்றவர்கள் விளையாடுகிறார்கள், நான் அவதானிக்கிறேன் என்று எனக்கு நானே சொன்னேன். ஒவ்வொரு திரையையும் ஸ்க்ரீன்ஷொட் எடுத்துப் ‘பாட உதவி’ என்று ஒரு போல்டரில் போட்டு வைத்தேன். அந்த போல்டர் இன்னும் இருக்கிறது; அதிலிருந்து ஒரு படத்தையாவது வகுப்பில் காட்டியதில்லை. காட்டினால் மேல் மூலையில் என்னுடைய கொயின் கணக்கு தெரியும்.

மரக் கதையையும் சொல்லிவிடுகிறேன். செயலிக்குள் ஒரு செடி தருவார்கள், தண்ணீர் ஊற்ற வேண்டும். பேஸ்புக்கில் 2009இல் வந்து உலகத்தையே மாடும் சோளமும் வளர்க்க வைத்த பார்ம்வில்லின் பேரப்பிள்ளை அது. அந்த விளையாட்டு 2020 டிசம்பர் 31இல் மூடப்பட்டுவிட்டது, ஆனால் அதன் தந்திரம் கடைகளுக்குள் குடியேறிவிட்டது. சீனாவில் பின்துவோதுவோ என்ற ஒன்லைன் கடையில் திரையில் மரம் வளர்த்தால் உண்மையான பழப்பெட்டி வீட்டுக்கு வரும். என் மரத்துக்குப் பழமில்லை, வவுச்சர்தான். முதல் நாளே பாதிக்கு மேல் வளர்ந்துவிட்டது. தொண்ணூறு வீதத்தைத் தாண்டியதும் ஒரு வாளி தண்ணீருக்கு முள் நுனியளவும் ஏறவில்லை. வேகமாக வளர வேண்டுமா, நண்பர்களைக் கூப்பிடு என்றது. மதினிமாருக்கு லிங்க் அனுப்பினேன். கூடப் படித்தவர்களுக்கு அனுப்பினேன். ஒரு நாள் இரவு, வீட்டுவேலை அனுப்புவதற்கென்று நான் நடத்துகிற பெற்றோர் குழுவுக்கும் அனுப்பினேன். காலையில் அழித்துவிட்டு, ‘தவறுதலாக வந்துவிட்டது, மன்னிக்கவும்’ என்று எழுதினேன். தவறுதலாக வரவில்லை. அந்தக் குழுவில் ஆட்கள் கூட என்பதால்தான் அனுப்பினேன்.

இன்னொரு பக்கம் லைவ். இரவு ஒன்பது மணிக்குப் பேஸ்புக்கில் அபாயா விற்பார்கள். ஒரு பெண் ஒவ்வொன்றாக எடுத்து விரித்து, கையைத் துணிக்குள் விட்டு வெளிச்சம் வருகிறதா என்று காட்டி, நம்பர் சொல்லுவாள். முதலில் கமெண்டில் நம்பர் போடுகிறவருக்கு அது. சீனாவில் 2016இல் தாவோபாவோ லைவ் தொடங்கி இதைப் பெரிய வியாபாரமாக்கினார்கள். நம்முடைய பெண்கள் ஒரு போனும் ஒரு ஹேங்கரும் வைத்துக்கொண்டு அதே வேலையைச் செய்கிறார்கள், அந்தத் திறமையை மெச்சத்தான் வேண்டும். ஒரு இரவு அவள் என் பெயரை வாசித்து, “பாலாவி ராத்தாவுக்கு ஸலாம், நீங்க போன கிழமையும் வந்தீங்கல்ல” என்றாள். ஆயிரம் பேர் பார்த்துக்கொண்டிருக்கிற இடத்தில் என்னை ஒருத்தி கண்டுபிடித்துவிட்டாள் என்று எனக்குக் காது சூடாகிவிட்டது. அந்த நிமிடமே நம்பர் போட்டேன். எனக்கு அந்த அளவு பொருந்தாது. இன்னும் மடிப்புக் கலையாமல் கிடக்கிறது.

வாங்கிய மற்றவற்றைப் பற்றி அதிகம் சொல்ல எனக்கே கூச்சம். உள்ளிப்பூண்டு நசுக்கி, பொலித்தீன் பையின் வாயை ஒட்டும் குட்டி மெஷின் (ஒருமுறை சீனிப் பையை ஒட்டியது, பிறகு சூடே ஏறவில்லை), சுவரில் ஒட்டும் பிளாஸ்டிக் கொடி, பிரிட்ஜுக்குள் வைக்கும் தட்டு, சில்வர் என்று போட்டிருந்த ஒரு ராக்கை. அந்த ராக்கையைப் பாலாவியின் உப்புக் காற்று ஒரு மாதம்கூட விட்டு வைக்கவில்லை. கால்களில் துரு ஒழுகித் தரையில் வட்டம் போட்டது. பார்சல்களைச் சந்தியில் இருக்கிற தெரிந்த கடையில் கொடுக்கச் சொல்லியிருந்தேன். பாடசாலை விட்டு வரும்போது எடுத்து, பேக்குக்குள் அப்பியாசக் கொப்பிகளுக்கு நடுவில் வைத்துக் கொண்டுவருவேன். கொண்டுவந்த பின்பு சிலவற்றை வெட்டித் திறக்கவே இல்லை. ஓடர் போடும்வரைதான் எனக்கு அதில் வேலை.

பொலித்தீன் உறைகளைச் சமையலறைக்குப் பின்னால் எரித்தேன். கொழும்புக் குப்பையை அருவக்காட்டில் கொட்ட வேண்டாம் என்று 2018, 2019இல் புத்தளமே தெருவுக்கு இறங்கியபோது, ‘க்ளீன் புத்தளம்’ என்று எழுதிய பதாகையைப் பிடித்துக்கொண்டு நின்றவர்களில் நானும் ஒருத்தி.

இந்த இடத்தில் ஒரு நல்ல சாட்டு என்னிடம் இருந்தது. எங்களுடைய குடும்பம் மன்னாரிலிருந்து வந்தது. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து விடுதலைப் புலிகள் முஸ்லிம்களை வெளியேற்றியபோது, 70,000க்கும் மேற்பட்டவர்கள் அகதியானார்கள்; மன்னார்த் தீவிலிருந்து பலர் வள்ளத்தில் கல்பிட்டிக்கு வந்து இறங்கினார்கள். உம்மா அப்படி வந்தவர். கிடுகுக் கொட்டிலில் தொடங்கிய வீடு எங்களுடையது. எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்த குடும்பத்தில் பிறந்தவளுக்குச் சாமான் சேர்க்கும் ஆசை இருக்கத்தானே செய்யும் என்று எனக்கு நானே ஒரு கட்டுரை எழுதி வைத்திருந்தேன். கேட்க உருக்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் இழந்தவர் உம்மா, நானல்ல. அந்த உம்மா ஒரு பீங்கான் கோப்பை உடைந்தால்கூட அடுத்த பெருநாள் வரை புதியது வாங்க விடமாட்டார். அவருடைய துயரத்தை எடுத்து என்னுடைய கொயினுக்குப் போர்த்தப் பார்த்தேன்.

இனி அந்தத் தாய்.

அவருடைய மகன் என் வகுப்பு. சக்கரம் செய்த பொடியன் இல்லை, வேறொருவன். போனில் துப்பாக்கி விளையாட்டு. அதில் டயமண்ட் வேண்டும். டயமண்ட் இருந்தால் உடுப்பு, துப்பாக்கிக்கு நிறம், திறந்து பார்க்கும் அதிர்ஷ்டப் பெட்டி. ரீலோட் போடுகிற கடையில் காசு கொடுத்தால் டயமண்ட் ஏற்றித் தருவார்கள். வாப்பா உப்பளத்தில் கூலி. வீட்டில் கரண்ட் பில்லுக்கு வைத்த காசு, பிறகு தங்கச்சியின் உண்டியல் என்று ஒவ்வொன்றாகப் போயிருக்கிறது. அவர் பாடசாலைக்கு வந்தபோது பதினொன்றேமுக்கால் இருக்கும். கொம்பியூட்டர் அறையில் எனக்கு அந்த நேரம் பாடமில்லை.

பன்னிரண்டு மணிக்கு ஒரு மலிவு விற்பனை தொடங்க இருந்தது. ஏயார் ப்ரையர். காலையிலேயே கார்ட்டில் போட்டு வைத்திருந்தேன். பன்னிரண்டு அடித்ததும் அமத்த வேண்டும், பிந்தினால் முடிந்துவிடும்.

அவர் அழுதார். நான் முதலில் நன்றாகத்தான் கேட்டேன். பிறகு சுவரில் இருந்த மணிக்கூட்டைப் பார்க்கத் தொடங்கினேன். “போனை வாங்கி வையுங்கள்” என்றேன். “நீங்கள்தானே கையில் கொடுத்தது” என்றேன். “பிள்ளைக்கு முன்னால் நாங்கள் முன்மாதிரியாக இருக்க வேண்டும்” என்றுகூடச் சொன்னேன். சொன்ன வாய் இதே வாய்தான். அவர் எழும்பவில்லை. “டீச்சர், அவன் கெட்டவன் இல்ல டீச்சர், தண்ணி அள்ளித் தருவான், தங்கச்சிய ஸ்கூலுக்குக் கூட்டிட்டுப் போவான், இது மட்டும்தான் ஏனெண்டு விளங்குதில்ல” என்றார். ஏனென்று எனக்கு விளங்கும். அந்த ஊரிலேயே அதை அவருக்கு விளங்கப்படுத்தக்கூடியவள் நான்தான். அந்த அதிர்ஷ்டப் பெட்டிகள் சூதாட்டம்தான் என்று பெல்ஜியத்தின் சூதாட்ட ஆணையம் 2018இல் முடிவு சொன்னதைச் சொல்லியிருக்கலாம். போர்ட்நைட் விளையாட்டை நடத்துகிற எபிக் கேம்ஸ் நிறுவனத்தின் மேல் அமெரிக்க அரசின் வர்த்தக ஆணையம் 2022 டிசம்பரில் நடவடிக்கை எடுத்து, பட்டன்களைக் குழப்பமாக வைத்து ஆட்களை வாங்கவைத்ததற்காக மட்டும் 245 மில்லியன் டொலரைத் திருப்பிக் கொடுக்க வைத்ததைச் சொல்லியிருக்கலாம். உங்கள் மகனுக்கு எதிரே ஒரு பெரிய படிப்புப் படித்தவர்களின் கூட்டமே வேலை செய்கிறது, அவன் கள்ளன் அல்ல என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அந்தப் பெண் நிமிர்ந்துகொண்டு வீட்டுக்குப் போயிருப்பார்.

“எனக்குப் பாடம் இருக்கிறது” என்று எழும்பிவிட்டேன். பாடம் இல்லை. அவர் வாசலைத் தாண்டுவதற்குள் போனைத் திறந்தேன். ஏயார் ப்ரையர் கிடைத்தது. அந்தப் பையன் அடுத்த தவணை பாடசாலைக்கு வரவில்லை. ஹார்ட்வெயார் கடையொன்றில் நிற்கிறான் என்று கேள்விப்பட்டேன். என்னால்தான் நின்றான் என்று நான் நாடகமாக எழுதப் போவதில்லை, வீட்டுக் கஷ்டமும் இருந்தது. ஆனால் அந்தக் கால் மணித்தியாலம் என்னுடைய கணக்கில்தான் இருக்கிறது.

சீட்டுக் கதை இதைவிடச் சிறியது, ஆனால் வெட்கம் கூட. ஸ்டாஃப் ரூம் சீட்டை நான்தான் பிடிக்கிறேன். ஒரு மாதம், சீட்டைக் கழித்த மிஸ்ஸுக்குக் கொடுக்க வேண்டிய தொகையில் குறைந்தது. மகளுக்கு மேல்படிப்புக் கட்டணம் கட்ட அவர் அதைத்தான் நம்பியிருந்தார். “பேங்க் சிஸ்டம் டவுன், ட்ரான்ஸ்ஃபர் போகுதில்ல மிஸ்” என்றேன். கொம்பியூட்டர் டீச்சர் சிஸ்டம் டவுன் என்றால் யார் சந்தேகப்படுவார்கள்? ஒரு காப்பை அடகு வைத்துக் கொடுத்தேன். அவர் அபராதத்தோடு கட்டணம் கட்டினார். அபராதம் எவ்வளவு என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

கணவருக்கு நேரில் சொல்லத் தைரியம் வரவில்லை. லீவில் வருவதற்குக் கொஞ்சக் காலம் இருக்கும்போது வட்ஸ்அப்பில் குரல் பதிவாக அனுப்பினேன். நீல நிறச் சரி விழுந்தது. பதில் இல்லை. அடுத்த நாள் இரவு எடுத்தார். ஏசுவார் என்று எதிர்பார்த்தேன். “மொத்தம் எவ்வளவு? லிஸ்ட்ட அனுப்பு” என்றார். அவர் டோஹாவில் ஒரு களஞ்சியசாலையில் வேலை செய்கிறவர், எதுவானாலும் பட்டியல் கேட்கிற பழக்கம்.

பழைய ஓடர்களைக் கீழே தள்ளித் தள்ளிப் பார்த்து எழுதினேன். தள்ளத் தள்ள முடிவில்லாமல் வந்துகொண்டிருக்கும் அந்த முறையை 2006இல் உருவாக்கிய அஸா ராஸ்கின் பிறகு அதற்காக வெளிப்படையாக வருத்தப்பட்டவர். இங்கே மட்டும் அது எனக்கு நல்லது செய்தது: பக்கம் முடிந்துவிட்டது, போதும் என்று நிறுத்த ஒரு சாட்டுக் கிடைக்கவில்லை. கூட்டினால் 286,000 ரூபா. தொகையைவிட, பக்கத்தில் எழுதியிருந்த நேரங்கள்தான் என்னைக் குனிய வைத்தன. 12.04. 12.11. 4.38. மகளின் காய்ச்சலுக்காக முழித்திருந்ததாக நான் எல்லாரிடமும் சொன்ன இரவிலும் ஒரு ஓடர் இருந்தது.

பட்டியலைப் பார்த்துவிட்டு அவர் ஒன்றுதான் கேட்டார். “நான் இங்க ஒரு ஷிப்டுக்கு எத்தின பெட்டி ஒட்டுறன் தெரியுமா உனக்கு?”

தெரியாது. அவருடைய களஞ்சியசாலையும் ஒன்லைன் கடைக்குப் பொதி கட்டுகிற இடம்தான் என்பது எனக்குத் தெரியும். யாரோ ஒருத்தி நள்ளிரவில் அமத்தியதை விடியுமுன் எடுத்து, உறையிலிட்டு, டேப் ஒட்டி அனுப்புகிற வேலை. எத்தனை என்று இத்தனை வருடத்தில் நான் கேட்டதே இல்லை.

சட்டம் வந்து காப்பாற்றும் என்று சிலர் சொல்வார்கள். இந்தியாவில் 2023 நவம்பர் 30இல் இப்படிப்பட்ட பதின்மூன்று தந்திரங்களைப் பெயர் சொல்லித் தடுத்து விதி போட்டார்கள். பொய் அவசரம் காட்டுவதும் அதில் ஒன்று. தமிழ்நாட்டில் காசு வைத்து ஆடும் ஒன்லைன் விளையாட்டுகளுக்கு நள்ளிரவு பன்னிரண்டிலிருந்து காலை ஐந்து வரை பூட்டு என்று 2025இல் விதி வந்தது, சென்னை உயர் நீதிமன்றமும் அது சரியென்றது. நம்முடைய நுகர்வோர் அதிகாரசபைச் சட்டம் 2003ஆம் ஆண்டுக்குரியது. அன்றைக்குப் படுக்கையில் கடை இல்லை. நல்ல சட்டம் வரட்டும், கேட்கிற இடத்தில் நானும் கேட்பேன். ஆனால் இந்தப் பூட்டு இங்கே இருந்திருந்தால் நான் பதினொன்றரைக்கு அலாரம் வைத்திருப்பேன். என்னை எனக்குத் தெரியும்.

சக்கரத்தையும் மரத்தையும் விட்டுவிட்டேன். விட்ட முதல் வாரங்களில், மரம் காய்ந்துவிடுமே என்று உண்மையாகவே கவலைப்பட்டேன், சிரிக்கிறவர்கள் சிரிக்கலாம். லைவ் பக்கம் போவதில்லை. வகுப்பில் இப்போது சக்கரப் பாடம் எடுக்கும்போது, டீச்சரும் இதில் மாட்டினவதான் என்று சொல்கிறேன். எவ்வளவு காசு என்று ஒவ்வொரு வகுப்பிலும் ஒருவன் கேட்பான். சொல்லிவிடுகிறேன்.

செயலியை மட்டும் இன்னும் போனிலிருந்து எடுக்கவில்லை. திறக்காத பார்சல்களில் சிலவற்றைத் திருப்பி அனுப்பினேன். காலம் கடந்ததை எடுக்கவில்லை, ஒன்றிரண்டுக்குப் பணம் வந்தது. 4,350 ரூபா. அது பேங்குக்கு வரவில்லை, செயலியின் பர்ஸுக்குள்ளேயே விழுந்திருக்கிறது. வெளியே எடுக்க முடியாது, அங்கேயே எதையாவது வாங்கித்தான் தீர்க்க வேண்டும். மதிலுக்கென்று வந்த காசு, மதிலுக்கே போகட்டும் என்று சீமெந்து தேடிப் பார்த்தேன். சீமெந்து இல்லை. மேசன் கரண்டி ஒன்று வந்தது, பிடி சிவப்பு, நல்ல வடிவு. கீழே ‘இன்னும் 3 மட்டுமே’ என்று எழுதியிருந்தது.